டுபாய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன்: ஒரு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒன்பது வருடமாக வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக வேலை செய்கிறேன். அப்ரோச் ரேடார் ரேட்டிங் (விமான நிலையத்தை நெருங்கும், விட்டுச் செல்லும் விமானங்களை ரேடாரில் வழிநடத்தும் தகுதி) இருக்கிறது. வயது 35. டுபாயில் கட்டுப்பாட்டாளர்களை வேலைக்கு அமர்த்தும் தனியார் கம்பனி ஒன்றுக்காக ஓர் ஏஜென்சி இரண்டு வருட ஒப்பந்தம் தருவதாகச் சொல்கிறது. ஒரு மாதத்துக்குள் வந்துவிட வேண்டுமாம். இங்கே ஆள் குறைவு என்பதால் விடுவிக்கத் தயங்குகிறார்கள். என் லைசென்ஸ் அங்கே செல்லுமா? ராஜினாமா செய்வதா, சம்பளமற்ற விடுமுறை கேட்பதா? (வாசகர், நீர்கொழும்பு)

பதில்: சம்பளத் தொகையைக் கடைசியாகப் பாருங்கள். ஒப்பந்தத்தைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது, அந்த யூனிட்டில் (கட்டுப்பாட்டு நிலையத்தில்) உங்களுக்கு வலிடேஷன், அதாவது தனியாக வேலை செய்யும் அனுமதி, கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லும் நிபந்தனையை. அப்படி ஒரு வரியே இல்லையென்றால், எழுதித் தரும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம்.

லைசென்ஸ் வேறு, ரேட்டிங் வேறு என்பது உங்களுக்குத் தெரியும். ஏஜென்சிக்காரருக்குப் பெரும்பாலும் தெரியாது, தெரிந்தாலும் சொல்வதில்லை. ஐகாவோ என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பு விதிப்படி ரேட்டிங் என்பது குறிப்பிட்ட யூனிட்டோடு கட்டுண்டது. கொழும்பு அப்ரோச்சில் பெற்றதை வைத்துக்கொண்டு டுபாயில் ஒரு விமானத்துக்குக்கூட அனுமதி சொல்ல முடியாது. அங்குள்ள பொது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் உங்கள் இலங்கை லைசென்ஸை ஆதாரமாக ஏற்று, தன் லைசென்ஸைத் தரும். அதற்குப் பிறகு வகுப்பு, சிமியுலேட்டர், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க நேரடி போக்குவரத்தில் பயிற்சி, கடைசியில் தகுதிச் சோதனை என்று வரிசையாகப் போகும்.

இதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? புதிதாக ரேட்டிங் எடுப்பவருக்கு அதே இணைப்பு விதி சொல்லும் குறைந்தபட்சம், டவருக்கு (ஓடுபாதைக் கட்டுப்பாடு) 90 மணித்தியாலம் அல்லது ஒரு மாதம். அப்ரோச், ஏரியா (நெடுவழி வான்பரப்பு) இரண்டுக்கும் 180 மணித்தியாலம் அல்லது மூன்று மாதம். இரண்டில் எது கூடவோ அதுதான் கணக்கு. வேறொரு யூனிட்டில் அதே ரேட்டிங் உள்ளவருக்கு இதைக் குறைக்கலாமா, எவ்வளவு குறைக்கலாம் என்பதை அந்த நாட்டு ஆணையமே முடிவு செய்யும். ஆகவே "உங்கள் அனுபவத்துக்கு இரண்டு வாரம் போதும்" என்று ஏஜென்சி சொன்னால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. வகுப்பும் சிமியுலேட்டரும் சேர்ந்தால் நான்கு, ஐந்து மாதம் போவது சாதாரணம்.

இங்கேதான் வலை இருக்கிறது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் தனியார் துறைத் தொழிற்சட்டம் (2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம்) தகுதிகாண் காலமாக அதிகபட்சம் ஆறு மாதத்தை அனுமதிக்கிறது. அந்தக் காலத்துக்குள் 14 நாள் எழுத்து அறிவித்தலோடு உங்களை நிறுத்தலாம். அதாவது வலிடேஷன் சோதனையும் தகுதிகாண் காலமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடிகின்றன. சோதனையில் தவறினால் பணிக்கொடை கிடையாது, ஏனெனில் அதற்கு ஒரு வருடச் சேவை வேண்டும். நாடு திரும்பும் டிக்கெட்டைப் பொதுவாகக் கம்பனி தர வேண்டும். ஆனால் வேலை முடிந்ததற்குக் காரணம் தொழிலாளியே என்று ஆகிவிட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். சோதனையில் தவறியதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு இங்கே ஊரில் நடக்கும். ஒரு ரேட்டிங்கைப் பயன்படுத்தாமல் விட்டால் ஆறு மாதத்தைத் தாண்டி அது உயிரோடு இருக்க முடியாது. இதுவும் முதலாம் இணைப்பு விதிதான். ஜனவரியில் புறப்பட்டு, ஜூலையில் தவறித் திரும்பினால், உங்கள் கொழும்பு ரேட்டிங்கும் போயிருக்கும். மறுபடி பயிற்றுநர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, சோதனை கொடுத்து மீட்க வேண்டும். ஆள் பற்றாக்குறையான யூனிட்டில் பயிற்றுநருக்கு எங்கே நேரம்? அவர் தானே இரட்டை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் ராஜினாமாவா விடுமுறையா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: விடுமுறையை எழுத்தில் கேளுங்கள், ராஜினாமாவைக் கடைசி வழியாக வையுங்கள். 2022 ஜூனில், டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய அந்த நெருக்கடியில், அரச ஊழியர் வெளிநாடு செல்ல ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறை தரும் 14/2022 இலக்கச் சுற்றறிக்கை வந்தது. அதைக் காட்டி உங்களுக்கும் உரிமை உண்டென்று வாதிட வேண்டாம். விமான நிலையங்களை நடத்துவது அரசுக்குச் சொந்தமான கம்பனி; விடுமுறை விதிகள் அதன் சொந்த விதிகள். மனிதவளப் பிரிவிடம் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும்: விடுமுறை எத்தனை காலத்துக்கு, திரும்பினால் எந்தத் தரத்தில் சேர்ப்பார்கள், ரேட்டிங் மீட்கும் பயிற்சிக்கு யார் பொறுப்பு. வாய்வார்த்தையாக "பார்த்துக்கொள்ளலாம்" என்று மேலதிகாரி சொன்னது, அவர் மாறிப் போனதும் காற்றோடு போய்விடும்.

விடுமுறை மறுக்கப்பட்டு ராஜினாமாதான் என்றால், முதலில் பயிற்சிக் காலத்தில் கையெழுத்திட்ட பிணைமுறிகளை எடுத்துப் பாருங்கள். ஆரம்பப் பயிற்சிக்கு எழுதியது முடிந்திருக்கலாம். ரேடார் பயிற்சிக்கோ வெளிநாட்டுப் பயிற்சிக்கோ பின்னால் எழுதியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அடுத்தது பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் நிறைவுசெய்த மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். ஒன்பது வருடத்துக்கு நாலரை மாதச் சம்பளம் வரும், 30 நாளுக்குள் தர வேண்டும். ஊழியர் சேமலாப நிதியை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது ஆக வேண்டும், அல்லது நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போக வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம் நிரந்தரமாகப் போவதாகாது.

விடுவிக்கத் தயங்குவது ஏன் என்பதையும் புரிந்துகொண்டால் பேச்சு எளிதாகும். ஒரு புதியவரைச் சேர்த்து, தனியாக ரேடாருக்கு முன் உட்காரவைக்க வருடக்கணக்கில் ஆகும். கொவிட் காலத்தில் உலகம் முழுவதும் பயிற்சி வகுப்புகள் நின்றன. அவுஸ்திரேலியாவில் 2021இல் ஓய்வுபெற ஊக்குவிக்கும் திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மூத்தவர்களை அனுப்பிவிட்டு, பிறகு அனுப்பிய நிறுவனமே ஆள் தேடியது. கட்டார் 2022 செப்டம்பரில் பஹ்ரேனின் வான் கட்டுப்பாட்டிலிருந்து பிரிந்து தனி டோஹா வான் தகவல் பிராந்தியத்தைத் தொடங்கியது. அதற்கும் ஆள் வேண்டும். அமெரிக்காவில் 1981இல் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக நீக்கிய வடு இன்றும் பேசப்படுகிறது, பற்றாக்குறையும் கடுமை. ஆனால் அங்கே அமெரிக்கக் குடியுரிமையும் 31 வயதுக்கு முன் நியமனமும் கட்டாயம். ஆக அனுபவமுள்ள வெளிநாட்டவரை நேரடியாக எடுப்பதில் வளைகுடா முன்னால் நிற்கிறது, அந்தக் கதவு ஒரு மாதத்தில் மூடிவிடப் போவதில்லை. "உடனே வா" என்பது ஏஜென்சியின் அவசரம். மூன்று மாத அவகாசம் கேளுங்கள். உண்மையில் ஆள் தேவைப்படும் கம்பனி காத்திருக்கும்.

அந்த மூன்று மாதமும் காகித வேலைக்கே சரியாக இருக்கும். லைசென்ஸ் உறுதிப்படுத்தல் கடிதம் இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிலிருந்து அந்த நாட்டு ஆணையத்துக்கு நேராகப் போக வேண்டும். உங்கள் கைவழியாகக் கொடுப்பது பொதுவாக எடுபடாது. முடிவடையாத சம்பவ விசாரணை ஏதும் உங்கள் பெயரில் இருந்தால் அது முடியும்வரை கடிதம் தாமதமாகலாம், ஆகவே முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள். மணித்தியாலப் பதிவேட்டில் ஒவ்வொரு பக்கமும் யூனிட் பொறுப்பாளரின் முத்திரையோடு இருக்கட்டும். விலகிப் போன பிறகு அந்தக் கையெழுத்தை வாங்குவது படாத பாடு.

மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று 40 வயதுக்குக் கீழே 48 மாதம் செல்லும். ஆனாலும் அங்குள்ள மருத்துவர் புதிதாகப் பரிசோதிப்பார். நிறப்பார்வை, இரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் இங்கேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலையை விட்டபின் அங்கே போய் மருத்துவத்தில் தவறியவர்களின் நிலை மிகவும் மோசம். ஆங்கிலத் தேர்ச்சியில் 4ஆம் நிலை குறைந்தபட்சம்தான். அதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், 5ஆம் நிலையை ஆறு வருடத்துக்கு ஒருமுறை. முடிந்தால் 5 எடுத்துக்கொண்டு போங்கள். கல்விச் சான்றுகளை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுப்படுத்தி, பிறகு அந்நாட்டுத் தூதரகத்திலும் முத்திரை வாங்க வேண்டும்.

ஏஜென்சியிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் நடைமுறை அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே கேளுங்கள். இந்தத் தொழிலுக்குப் பணியகப் பதிவு எதற்கு என்று நினைக்கும் உயர்பதவிக்காரர்கள் அதிகம். விமான நிலையத்தில் நிறுத்தப்படுவதும் அவர்களே. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள். ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதை மேற்சொன்ன அமீரகச் சட்டமே தடுக்கிறது, ஆகவே "செயலாக்கக் கட்டணம்" கேட்டாலும் அப்படியே.

இப்போது சம்பளத்துக்கு வரலாம். பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தின்மீதே கணக்கிடப்படும்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள். உதாரணத்துக்கு, மொத்தம் 30,000 திர்ஹம் என்று இரண்டு கம்பனிகள் சொல்கின்றன. ஒன்றில் அடிப்படை 12,000, மற்றதில் 20,000. இரண்டு வருட முடிவில் முதலாவது தருவது 16,800 திர்ஹம், இரண்டாவது 28,000. அதேபோல, லைசென்ஸ் கொடுப்பனவு எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் வலிடேஷன் கிடைக்கும்வரை பயிற்சியாளர் சம்பளமே. அந்த ஐந்து மாதத்துக்கு வீட்டு வாடகையும் ஊரில் உள்ள கடன் தவணையும் தாங்குமா என்று அந்தச் சிறிய தொகையை வைத்தே கணக்குப் போடுங்கள். பயிற்சிச் செலவுக்குப் பிணைமுறி கேட்டால், சோதனையில் தவறியவருக்கு அது பொருந்தாது என்ற வரி வேண்டும். சோதனைக்கு எத்தனை வாய்ப்பு, கூடுதலாக எத்தனை பயிற்சி மணித்தியாலம், அப்ரோச்சில் தவறினால் டவருக்கு மாற்றுவார்களா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஷிப்ட் அட்டவணையின் மாதிரி ஒன்றையும் வாங்கிப் பாருங்கள். களைப்பைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2020 நவம்பரிலிருந்து ஐகாவோவின் பதினோராம் இணைப்பில் கட்டாயம். தொடர்ச்சியாக எத்தனை மணித்தியாலம் ரேடாரில் இருத்துவார்கள் என்ற கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் அங்கேயும் ஆள் பற்றாக்குறைதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

காப்புறுதிப் பத்திரத்தில் போர் விலக்கு (போரால் வரும் இழப்புக்குப் பணம் தராத நிபந்தனை) இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஜூன் 23 அன்று கட்டார் தன் வான்பரப்பையே மூடியது. அப்படி மூடினால் சம்பளம் தொடருமா என்பது நியாயமான கேள்வி.

சோதனையில் ஏன் தவறுகிறார்கள் என்றால், அறிவுக் குறைவால் அல்ல. கட்டுநாயக்கவில் ஓடுபாதை ஒன்று, போக்குவரத்து நிதானமானது. டுபாயில் இரண்டு இணை ஓடுபாதைகள், அவற்றுக்கிடையே 400 மீற்றர்கூட இல்லை. ஒன்றை மறந்து மற்றொன்றை இயக்க முடியாது. ஏ380 அடிக்கடி வரும், அதற்குப் பின்னால் வரும் நடுத்தர வகை விமானத்துக்கு, அதன் காற்றுச் சுழலைத் தவிர்க்க, கூடுதல் இடைவெளி விட வேண்டும், அதன் பின்னால் வருபவருக்கு மறுபடி நெருக்க வேண்டும். கொழும்பில் பழகிய கை தாராளமாக இடம் விடும். பாதுகாப்பில் குறையில்லை, ஆனால் வரிசை நீண்டு, ஹோல்டிங் (விமானங்கள் வானில் வட்டமிட்டுக் காத்திருக்கும் இடம்) நிரம்பிவிடும். பயிற்றுநர் குறிப்பில் எழுதுவது இதைத்தான். மற்றது பேச்சு வேகம்: நீளமான அனுமதியைச் சொல்லி, விமானி அதைத் திருப்பிச் சொல்லும்போது வரும் தவறை அதே மூச்சில் திருத்த வேண்டும். புறப்படுமுன் அந்த நாட்டு வான்பயணத் தகவல் வெளியீட்டை எடுத்து, வருகைப் பாதைகளின் பெயர், உயரக் கட்டுப்பாடு, வேகக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யுங்கள். வரைபடத்தை வெற்றுத்தாளில் பார்க்காமல் வரைய வந்தால், வகுப்புக் காலத்தில் உங்கள் மூளை இடைவெளி போடும் வேலைக்கு மிச்சப்படும்.

போன பிறகு ஒன்று. இலங்கை லைசென்ஸைக் காலாவதியாக விடாதீர்கள். மருத்துவம், ஆங்கிலத் தேர்ச்சி இரண்டின் திகதிகளையும் குறித்துவைத்து, விடுமுறைக்கு ஊர் வரும்போது புதுப்பித்துக்கொள்ளுங்கள். யூனிட் ரேட்டிங் போனாலும் லைசென்ஸும் அதன் ஆவணங்களும் ஒழுங்காக இருந்தால், திரும்பி வரும்போது மீட்க வேண்டியது ரேட்டிங் ஒன்றை மட்டுமே.