ஆரஞ்சுக்கு மாறும் எஞ்சின்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரத்தில் வேலை பார்க்கிறேன். என்னுடன் வேலை செய்யும் அமெரிக்கர் ஒருவர் ரயில் பைத்தியம். இங்குள்ள ப்ராவிடன்ஸ் அண்ட் வூஸ்டர் ரயில்வேயை பல குட்டி ரயில்வேக்களை வைத்திருக்கும் ஜெனிசி அண்ட் வயோமிங் கம்பெனி வாங்கிய பிறகு, செம்பழுப்பு எஞ்சின்களுக்கு ஒவ்வொன்றாக ஆரஞ்சு அடிக்கிறார்கள் என்று ஒரே புலம்பல். அதே எஞ்சின், அதே தண்டவாளம். பெயிண்டுக்குப் போய் ஐம்பது வயது மனிதர் இவ்வளவு வருத்தப்படுவாரா?

கண்ணன், வூஸ்டர்

அன்புள்ள கண்ணன்,

இந்த விஷயத்தில் நான் உங்கள் நண்பர் கட்சி. எல்லா ஊர்ப் புலம்பலுக்கும் இப்படிச் சொல்லமாட்டேன்.

உங்கள் ஊர் ரயில்வே 1847-ல் ஓடத் தொடங்கியது. 1892-ல் குத்தகையாக நியூ ஹேவன் ரயில்வேயிடம் போனது. நியூ ஹேவன் நொடித்துப் போய் பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில்வேயில் கரைய, அந்தப் பென் சென்ட்ரலும் 1970-ல் திவால். சுற்றியிருந்த ரயில்வேக்கள் எல்லாம் மூழ்கிக்கொண்டிருந்த நேரத்தில், 1973-ல், இந்தக் குட்டிக் கம்பெனி குத்தகையை உதறிவிட்டுத் தன் ரயிலைத் தானே ஓட்ட ஆரம்பித்தது. என்ன துணிச்சல்! அப்படி நாற்பது வருடத்துக்கு மேல் தனியாக நின்றதை 2016-ல் சுமார் 12.6 கோடி டாலருக்கு வாங்கினார்கள். உங்கள் நண்பருக்குச் செம்பழுப்பு என்றால் அந்தத் தனி வாழ்க்கை. வருத்தப்படட்டும், விடுங்கள்.

ஆனால் பக்கத்திலேயே நியூ இங்கிலாந்து சென்ட்ரல் இருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்திலிருந்து கனெக்டிகட்டின் நியூ லண்டன் துறைமுகம் வரை போகும் பாதை. 1995-ல் ரெயில்டெக்ஸ் என்ற கம்பெனி அதை வாங்கி, எஞ்சின்களுக்கு நீலமும் மஞ்சளும் பூசியது. 2000-ல் ரெயில்டெக்ஸையே ரெயில்அமெரிக்கா விழுங்கியது. சிவப்பு, நீலம், வெள்ளி வந்தது. 2012-ல் ஜெனிசி அண்ட் வயோமிங் சுமார் 139 கோடி டாலர் கொடுத்து ரெயில்அமெரிக்காவை வாங்கியது, இப்போது ஆரஞ்சு. அந்தச் சிவப்பு-நீலம் போய்விட்டதே என்று உருகுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அதுவே இன்னொருவர் நிறத்தின்மேல் ஏறி உட்கார்ந்த நிறம்தானே!

இன்னொரு வேடிக்கை. 2019-ல் ஜெனிசி அண்ட் வயோமிங்கையே ப்ரூக்ஃபீல்ட் நிறுவனமும் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி.யும் சேர்ந்து வாங்கிவிட்டன. கடன் உட்பட 840 கோடி டாலர். இதுவரை சொன்ன கைமாற்றங்களை எல்லாம் கூட்டினாலும் இதற்குக் கிட்டே வராது. ஆனால் ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருந்ததால் இதற்காக யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

பாதை ஓரத்தில் நிற்பவர் கண்ணில் படுவது பெயிண்ட் மட்டும். புது முதலாளி நல்லவரா என்று எனக்குத் தெரியவேண்டுமென்றால் நான் கீழே பார்ப்பேன். இன்றைய சரக்குப் பெட்டி சுமையோடு 286,000 பவுண்டு, அதாவது சுமார் 130 டன், எடை வரும். பழைய குட்டிப் பாதைகள் பலவும் 263,000 பவுண்டுக்குப் போட்டவை. மெலிந்த தண்டவாளத்தையும் மக்கிய கட்டைகளையும் மாற்றப் பணம் போடாவிட்டால் ரயில் மணிக்கு 10 மைலில் ஊரும், அப்புறம் வாடிக்கையாளர்கள் லாரிக்குப் போய்விடுவார்கள். பெரிய கம்பெனி வாங்குவதில் நன்மை என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கும். இதைப் பற்றி உங்கள் நண்பர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

அவருக்கு ஓர் ஆறுதலும் உண்டு. வாங்கிய மறுநாளே எல்லா எஞ்சினுக்கும் பெயிண்ட் அடிப்பதில்லை, அதற்குச் செலவு அதிகம். பெரிய பராமரிப்புக்கு உள்ளே போகும்போதுதான் பெரும்பாலும் நிறம் மாறும். வேறு கம்பெனியிலிருந்து வரும் எஞ்சினாக இருந்தால் கேபின் ஜன்னலுக்குக் கீழே பழைய எண்ணின்மேல் ஒரு சதுரம் பூசி, புது எண்ணை எழுதி அனுப்பிவிடுவார்கள். பூசிய சதுரமும் பழைய பெயிண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது. வெயிலில் வெளுத்த உடம்பில் அந்த ஒரு கட்டம் மட்டும் பளிச்சென்று தெரியும். ரசிகர்களுக்கு அதுதான் அல்வா.

முழுக்க ஆரஞ்சான எஞ்சினிலும் ப்ராவிடன்ஸ் அண்ட் வூஸ்டர் என்ற பெயர் இருக்கும். தாய்க் கம்பெனி ஒன்றானாலும் ஒவ்வொரு குட்டி ரயில்வேயும் அதனதன் பெயரில்தான் ஓடுகிறது.