வாசகர் கேள்விகள்: மரியாளுக்கு வேறு பிள்ளைகள் உண்டா?

கேள்வி: மரியாள் கடைசிவரை கன்னியாகவே இருந்தார் (நித்திய கன்னிமை) என்கிறார்கள். ஆனால் இயேசுவைப் ‘பெறுமளவும்’ யோசேப்பு மரியாளோடு சேரவில்லை என்கிறது மத்தேயு 1:25. அப்படியானால் பிறகு சேர்ந்தார் என்றுதானே பொருள்?

பதில்: அந்த ஒரு சொல்லை நம்பி வாதாடாதீர்கள். 2 சாமுவேல் 6:23-ல் சவுலின் மகள் மீகாளுக்கு ‘மரணமடையும் நாள்மட்டும்’ பிள்ளை இல்லை என்று வருகிறது. செத்த பிறகு பெற்றாள் என்று யாரும் வாசிப்பதில்லை. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கே இருக்கும் சொல்லும் மத்தேயுவின் சொல்லும் ஒன்றே: ‘ஹெயோஸ்’. அதற்காக இந்த வசனம் கன்னிமையை நிரூபித்துவிட்டது என்றும் துள்ளக் கூடாது. பிறப்புக்கு முன் நடக்காததைச் சொல்வதோடு மத்தேயு நிறுத்திக்கொள்கிறார். இயேசுவை ‘முதற்பேறு’ என்பதால் பிறகும் பிள்ளைகள் பிறந்தார்கள் என்ற வாதமும் எடுபடாது. யாத்திராகமம் 13:2-ன்படி கர்ப்பம் திறந்து பிறக்கும் முதல் பிள்ளையே முதற்பேறு; அடுத்தது பிறந்தாக வேண்டும் என்பதில்லை.

கேள்வி: மாற்கு 6:3 யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று பெயர் சொல்லியே இயேசுவின் சகோதரர் என்கிறதே?

பதில்: கனமான வாதம் இதுதான். மரியாளே பெற்றவர்கள் என்றார் 4-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஹெல்விதியு. 383 வாக்கில் அவருக்கு மறுப்பு எழுதிய வேத அறிஞர் ஜெரோம், ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றார். யோசேப்பின் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்பது கிழக்கத்திய சபைகளின் வழக்கு. பைபிளில் சேராத, 2-ஆம் நூற்றாண்டின் ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’யிலேயே அது இருக்கிறது.

ஜெரோமின் பிடி மாற்கு 15:40: இயேசு சிலுவையில் இருந்தபோது தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு மரியாளும் யாக்கோபு, யோசே என்பவர்களுக்குத் தாய்; அந்தச் சகோதரர்கள் இவள் பிள்ளைகளே என்பது அவர் வாதம். இடிக்கும் இடம், ஒன்றுவிட்ட சகோதரனுக்குக் கிரேக்கத்தில் ‘அனெப்சியோஸ்’ என்று தனிச்சொல் உண்டு. கொலோசெயர் 4:10-ல் பவுல் அதையே எழுதுகிறார். சுவிசேஷங்களில் இருப்பதோ ‘அதெல்போஸ்’, ‘ஒரே கருப்பை’ என்ற வேரிலிருந்து வந்தது. (நம் ‘சகோதர’மும் அப்படித்தான்: உதரம் என்றால் வயிறு.) ஆனால் வேர் வேறு, வழக்கு வேறு. ஆதியாகமம் 13:8-ல் ஆபிராம் தன் சகோதரன் மகன் லோத்துவையும் தன்னையும் சகோதரர் என்கிறார். கிரேக்க மொழிபெயர்ப்பும் அதே வேர்ச்சொல்லைத்தான் போடுகிறது. ஆக, வசனம் மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. 553-ஆம் ஆண்டு கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கம் மரியாளை ‘எப்பொழுதும் கன்னி’ என்றதை அதிகாரமாக ஏற்கிறீர்களா என்பதில்தான் வழி பிரிகிறது.

கேள்வி: மரியாளின் நித்திய கன்னிமையை முதலில் மறுத்தவர் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி லூத்தர்தானே?

பதில்: இல்லை. லூத்தரும், சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி சுவிங்ளியும் அதை ஏற்றவர்கள்.

கேள்வி: அமல உற்பவம் என்பதும் இதுதானா?

பதில்: வேறு. அது மரியாள் தம் தாயின் வயிற்றில் ஜென்மப் பாவமின்றி உருவானதைப் பற்றியது. 1854-ல் போப் 9-ஆம் பத்திநாதர் (பயஸ்) பிரகடனம் செய்தார்.