ஐம்பது சென்டாவோ காசில் ஒரு காப்பிக் கிளை

கேள்வி: கிழக்கு திமோர் 11-ஆவது நாடாக ஆசியானில் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு) சேர்ந்த செய்தியைப் பார்த்தேன். அந்த நாட்டுக்குச் சொந்த நோட்டே கிடையாதாம், அமெரிக்க டாலர் கொடுத்துத்தான் கத்தரிக்காய்கூட வாங்குகிறார்களாம். சுதந்திரம் வாங்கிவிட்டு அடுத்தவர் பணத்தைப் புழங்குவது என்ன சார் கணக்கு?
- வாசகர், பண்ணைக்காடு

பதில்: நோட்டுதான் கிடையாது, சில்லறை உண்டு. என் அக்கா மகன் அந்த நாட்டுத் தலைநகர் டிலியில் கொஞ்ச நாள் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது ஒரு 50 சென்டாவோ காசு கொண்டுவந்து கொடுத்தான், இப்போதும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. ஒரு பக்கம் காப்பிக் கிளை, இலையும் பழமுமாக. நம் ஊர்க் களத்தில் அதைக் காட்டினால் யாரும் வெளிநாட்டுக் காசு என்று சொல்ல மாட்டார்கள். 100 சென்டாவோ ஒரு டாலர், 2003-இல் வெளியிட ஆரம்பித்தார்கள்.

அவர்கள் ஏன் டாலருக்குப் போனார்கள் என்றால், அன்றைக்கு இருந்த நிலைமை அப்படி. 1999 ஆகஸ்ட் 30-இல் நடந்த வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவை விட்டுப் பிரியச் சொன்னார்கள். அதற்கப்புறம் ராணுவ ஆதரவுக் கும்பல்கள் ஊர் ஊராகக் கொளுத்தியதில் கட்டடம், மின்சாரம், தண்ணீர்க் குழாய் என்று பெரும்பகுதி போய்விட்டது, அலுவலகங்களை நடத்திய இந்தோனேசிய அதிகாரிகளும் மூட்டை கட்டிவிட்டார்கள். சந்தையில் இந்தோனேசிய ரூபியா, ஆஸ்திரேலிய டாலர், தாய்லாந்து பாட், அமெரிக்க டாலர் எல்லாம் ஒரே நேரத்தில் புழங்கின. இந்த நிலைமையில் புது நோட்டு அச்சடித்தால் எவன் நம்பி வாங்குவான்? நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த ஐ.நா. 2000 ஜனவரியில் டாலரை எடுத்துக்கொண்டது, 2002 மே 20-இல் சுதந்திரம் வந்தபோது புது அரசும் அதையே வைத்துக்கொண்டது. எனக்கு இது சரியான முடிவாகத்தான் படுகிறது, கஜானா காலியானால் நோட்டடித்துச் சமாளிக்கலாம் என்ற ஆசைக்கே அங்கே இடமில்லை.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, காப்பிக்காரருக்குச் சொன்னால் சட்டென்று புரியும். 2001, 2002-இல் உலகக் காப்பி விலை பாதாளத்தில் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? பறிகூலிக்கே கட்டவில்லை என்று பழத்தைச் செடியிலேயே விட்டோமே, அதே சமயத்தில்தான் காப்பியைத் தவிர ஏற்றுமதிக்கு வேறு சொல்லிக்கொள்ளும்படியான சரக்கு இல்லாத அந்த நாடு பிறந்தது. அன்று ஒரு டாலர் நமக்கு 48 ரூபாய் சுமார், இப்போது 85-ஐத் தாண்டியாகிவிட்டது. நியூயார்க் சந்தையில் காப்பியின் டாலர் விலை நகராமலே நின்றிருந்தாலும் நம் கைக்கு வரும் ரூபாய் ஏறியிருக்கும் (உரமும் கூலியும் ஏறியது வேறு கதை). கிழக்கு திமோரின் எர்மேரா மலையில் காப்பி பறிக்கிறவருக்கு அந்த மெத்தை கிடையாது, டாலரில் காப்பி விலை விழுந்தால் விழுந்ததுதான். பக்கத்தில் இந்தோனேசிய ரூபியா சரியும்போதெல்லாம் அங்கிருந்து வரும் சோப்பும் நூடுல்ஸும் டிலி கடையில் மலிவாகிவிடும், உள்ளூரில் எதையாவது செய்து விற்கலாம் என்று கிளம்பினவர் திண்டாடுவார்.

சரி, எண்ணெய்ப் பணம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நார்வேயைப் பார்த்து 2005-இல் ஒரு பெட்ரோலிய நிதி ஆரம்பித்தார்கள், வருஷத்துக்கு மூன்று சதவீதம் மட்டும் எடுத்தால் பணம் தீராது என்று கணக்கு. பல வருஷம் அதற்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். கடலில் அவர்களுக்குச் சோறு போட்ட பாயு உண்டான் எரிவாயு வயல் 2025-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அடுத்து நம்பியிருப்பது கிரேட்டர் சன்ரைஸ் என்ற இன்னொரு கடல் எரிவாயு வயல். குழாயை எங்கள் கரைக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்று அவர்களும், ஆஸ்திரேலியாவுக்குப் போகட்டும் என்று எதிர்த்தரப்பும் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டே இருந்தார்கள். எண்ணெய்க் கிணற்றில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்? மலையில் இருக்கிற குடும்பங்களுக்கு இன்றும் காப்பிதான்.

கேள்வி: திமோர் காப்பி பெருகினால் நம் கீழ்ப்பழனி காப்பி விலை அடிபடுமா?
- வாசகி, தாண்டிக்குடி

பதில்: கவலையை விடுங்கள் அம்மா, அவர்கள் விளைச்சல் நம் நாட்டு விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வராது. மரங்களும் கிழடு தட்டியவை, கவாத்து செய்தாலே காய்ப்பு கூடும், ஆனால் வெட்டினால் இரண்டு வருஷம் பழம் இருக்காதே, அதுவரை சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று பல பேர் கத்தியை வைக்கத் தயங்குகிறார்கள். உங்களுக்கும் தெரிந்த தயக்கம்தான்.

இன்னொன்று, நாம்தான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அராபிகாவும் ரொபஸ்டாவும் தானாகவே கலந்து, இலைத்துரு நோயைத் தாங்குகிற ஒரு செடி 1920-களில் திமோரில் தோன்றியது. நம் காப்பி ரகங்களான காவேரி, சந்திரகிரி இரண்டிலும் அந்த ரத்தம் ஓடுகிறது. உங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் சந்திரகிரி நின்றால், அதன் பாட்டன் திமோர்க்காரர்.