முதல் முறை பனாமாக் கால்வாய்: கப்பலின் அகலத்தைக் கேளுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். புவியியல் படிப்பித்தவர். "பனாமாக் கால்வாயின் படத்தை முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்தேன், ஒரு நாளும் நேரில் பார்க்கவில்லை. எனக்கு 66 வயது, கணவருக்கு 70. அவருக்கு முழங்கால் வலி. அடுத்த வருடத் தொடக்கத்தில் ரொறன்ரோவில் மகளிடம் போகிறோம், அப்படியே கால்வாயையும் கடந்து பார்க்க ஆசை. முகவர் மூன்று கப்பல் காட்டுகிறார். ஒன்று மிகப் பெரிய புதுக் கப்பல், புளோரிடாவில் ஏறி 11 நாளில் அங்கேயே திரும்பும். இரண்டாவது நடுத்தரக் கப்பல், கொஞ்சம் பழையது, புளோரிடாவிலிருந்து சான் டியேகோவுக்கு 15 நாள். மூன்றாவது இருநூறு பேர் போகும் சிறிய கப்பல், விலை அதிகம். எது நல்லது? பல்கனி அறை வேண்டுமா? கணவர், சூயஸ் கிட்ட இருக்கிறதே, அதில் போகலாமே என்கிறார்" என்பது கேள்வி.

ரீச்சர், இரண்டாவது கப்பலில் போங்கள். அது கொஞ்சம் பழையது என்பதே உங்களுக்கு நல்லது. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் முதல் தடவை பனாமாவைக் கடந்தது ஒரு சரக்குக் கப்பலில், இளநிலைப் பொறியியலாளராக. அன்று முழுக்க என்ஜின் அறையில் நின்றேன். தொலைபேசியில் கட்டளை வரும், வேகத்தைக் கூட்டுவோம், குறைப்போம். கப்பல் மலை ஏறி இறங்கியதை நான் அளவுமானியின் முள்ளில்தான் பார்த்தேன். அடுத்த பயணத்தில் கப்டனிடம் கேட்டு இரண்டு மணித்தியாலம் முன்தளத்தில் நின்றபோதுதான் விளங்கியது, கால்வாயைக் கடப்பது வேறு, பார்ப்பது வேறு என்று. அதனால் இந்தப் பயணத்துக்குக் கப்பல் தேடுபவர்களிடம் நீச்சல் குளத்தையும் நாடக அரங்கையும் பிறகு பார்க்கலாம் என்பேன். முதலில் கேட்கவேண்டியது, கப்பலின் அகலம் எத்தனை மீற்றர்?

உங்கள் கரும்பலகைப் படத்துக்கே வருவோம். வெள்ளவத்தைக் கால்வாய் மாதிரி ஒரே மட்டத்தில் வெட்டிவிட்ட வாய்க்கால் இல்லை அது. கப்பல் படி ஏறுகிறது. அத்திலாந்திக் பக்கம் கட்டூனில் மூன்று லொக், அதாவது கதவு போட்ட மூன்று பெரிய தொட்டி, அடுத்தடுத்து. அவற்றில் தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கப்பலைக் கடல் மட்டத்திலிருந்து 26 மீற்றர் உயரத்தில் இருக்கும் கட்டூன் ஏரியில் ஏற்றுகிறார்கள். பசிபிக் பக்கம் பெத்ரோ மிகேலில் ஒரு படி, மிராபுளோரஸில் இரண்டு படி இறக்கம். இதில் ஒரு பம்ப் கூட இல்லை. ஏரித் தண்ணீர் தன் பாரத்தாலேயே தொட்டிக்குள் இறங்கிக் கப்பலைத் தூக்குகிறது. ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லீற்றர் நன்னீர் கடலுக்குப் போகிறது.

1914 ஓகஸ்ட் 15இல் திறந்த அந்தப் பழைய தொட்டிகளின் அகலம் 33.5 மீற்றர். அவற்றுக்குள் போகக்கூடிய கப்பலின் உச்ச அகலம் 32.3 மீற்றர், நீளம் 294 மீற்றர். கணக்குப் பாருங்கள், இரண்டு பக்கமும் சுவருக்கும் கப்பலுக்கும் இடையில் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர்தான். கீழ்த்தளத்தில் நின்றால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கொங்கிறீட் சுவர் கைக்கு எட்டுவது போல் ஊர்ந்து போகும். கப்பல் சுவரில் உரசாமல் நடுவில் பிடித்துக்கொள்ள, கரையில் தண்டவாளத்தில் ஓடும் மின் எஞ்சின்கள் கம்பி கட்டி இரு பக்கமும் கூடவே வரும். அவற்றுக்குக் கோவேறு கழுதை என்று பெயர். பழைய லொக்கில் இரண்டு வரிசை உண்டு. பக்கத்து வரிசையில் வேறொரு கப்பல் மேலே எழும்ப, நீங்கள் கீழே இருந்து அதன் வயிற்றைப் பார்ப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் அது மாறும்.

2016 ஜூன் 26இல் புதிய லொக்குகள் திறந்தார்கள். அத்திலாந்திக் பக்கம் அகுவா கிளாரா, பசிபிக் பக்கம் கொகோலி. அகலம் 55 மீற்றர், நீளம் 427 மீற்றர். ஒரே வரிசைதான். எஞ்சின் வண்டிகள் இல்லை, முன்னும் பின்னும் இழுவைப் படகுகள். கதவுகளும் பழையவை போல இரட்டைக் கதவாக விரியாமல் பக்கவாட்டில் உருண்டு போகின்றன. தண்ணீரில் 60 வீதத்தை மீண்டும் பயன்படுத்தும் சேமிப்புத் தொட்டிகளும் உண்டு. பொறியியலாளர் என்ற முறையில் எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை. ஆனால் பெரிய கப்பலின் உயரத்திலிருந்து பார்க்கும்போது சுவர் தூரத்தில் இருக்கும், தண்ணீர் ஏறுவது கண்ணுக்குப் பிடிபடாது. முதல் தடவை பார்ப்பவருக்கு நான் பழைய லொக்கைத்தான் சொல்வேன். நீங்கள் வரைந்த படமும் அதுதானே.

இதனால்தான் அகலம் முக்கியம். 32.3 மீற்றருக்குள் கட்டிய கப்பல்கள் பெரும்பாலும் 2016க்கு முந்திய வடிவமைப்புகள். சுயிடர்டாம், குவீன் விக்டோரியா, குவீன் எலிசபெத், நோர்வீஜியன் ஜுவல் எல்லாம் அந்த அளவுக்குள் கட்டியவை. 36 மீற்றர் அகலமான கரீபியன் பிரின்சஸ் 2017 ஒக்டோபரிலும், 41 மீற்றரைத் தாண்டிய நோர்வீஜியன் பிளிஸ் 2018 மே மாதத்திலும் புதிய லொக்கால் போயின. அந்த அளவுக் கப்பல்களுக்கு வேறு வழி இல்லை. எந்தக் கப்பல் எந்த வருடம் எந்தப் பாதையில் ஓடும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பெயரை நம்பாமல் அகலத்தைக் கேளுங்கள். அகலம் பொருந்தினாலும் எந்த வரிசை, எத்தனை மணி என்பதை முடிவுசெய்வது கால்வாய் நிர்வாகம் என்பதையும் மனதில் வையுங்கள்.

11 நாள் பயணத்தை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், அது கால்வாயைக் கடப்பதே இல்லை. அந்த வகைக் கப்பல் அத்திலாந்திக் பக்க லொக்கில் ஏறி, ஏரியில் திரும்பி, வந்த வழியே இறங்கிவிடும். ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கலாம், பொய்யில்லை. விடுமுறை குறைந்தவர்களுக்கும், போன நகரத்துக்கே திரும்பவேண்டியவர்களுக்கும் அது போதும். ஆனால் குலேப்ரா வெட்டு அதில் வராது.

குலேப்ராவை விட்டுவிட்டு வந்தால் நீங்கள் பிறகு கவலைப்படுவீர்கள் ரீச்சர். இரண்டு சமுத்திரங்களுக்கும் நடுவில் நிற்கும் மலைமுதுகை 13 கிலோமீற்றர் நீளத்துக்கு வெட்டிய இடம் அது. சூயஸை வெட்டிய லெசெப்ஸின் பிரெஞ்சுக் கம்பனி 1881இல் தொடங்கி 1889இல் கைவிட்டது. மண் சரிந்தது, மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றன. 1904இல் அமெரிக்கா எடுத்து முடித்தது. அந்தப் பத்து வருடத்தில் பதிவான சாவு மட்டும் 5,600க்கு மேல். மண் சுமந்தவர்களில் பெரும்பகுதி பார்படோஸ் போன்ற மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கூட்டிவந்த கறுப்பினத் தொழிலாளர். மலையகத்துக்கு நடந்து வந்து காட்டை வெட்டிப் பாதை போட்ட நம் ஆட்களை நினைக்காமல் நான் அந்த இடத்தைக் கடந்ததில்லை. வெட்டு முடிந்ததும் பெத்ரோ மிகேல், மிராபுளோரஸ், பிறகு அமெரிக்காக்களின் பாலம், அதற்கப்பால் பசிபிக். காலையில் ஒரு சமுத்திரம், மாலையில் மற்றது. முழுதும் கடக்க 8 முதல் 10 மணித்தியாலம்.

அப்படியென்றால் விலை கூடிய சிறிய கப்பல் இன்னும் நல்லதில்லையா? கூட்டம் இல்லை, உபசரிப்பு நன்றாக இருக்கும். ஆனால் பல நேரம் சிறிய கப்பல்களுக்கு மாலையிலோ இரவிலோதான் முறை கிடைக்கும். மின்விளக்கு வெளிச்சத்தில் லொக் அழகாகத்தான் இருக்கும், ஆனால் குலேப்ராவில் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். அந்தக் கம்பனி பகலில் கடப்போம் என்று எழுதித் தந்தால் யோசிக்கலாம்.

பல்கனி விஷயத்தில், உங்கள் கணவரின் முழங்கால் இல்லாவிட்டால் வேண்டாம் என்றிருப்பேன். பல்கனியில் ஒரு பக்கம்தான் தெரியும். கதவு திறப்பதும் அடுத்த தொட்டி எதிரே மேலே நிற்பதும் முன்னால் போனால்தான் தெரியும். சில கப்பல்கள் அன்று மட்டும் முன்தளத்தைப் பயணிகளுக்குத் திறந்துவிடும், சிலவற்றில் முன்பக்கம் முழுக்க விலை கூடிய அறைக்காரருக்கே. இதை முன்பே கேளுங்கள். கட்டூனில் நுழையும் முதல் ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் முன்னால் நில்லுங்கள். அதற்காக ஐந்தரைக்கே போய் இடம் பிடிக்கவேண்டும். பிறகு வெயில் ஏறும், கொழும்பு ஏப்ரல் மாதப் புழுக்கம்தான். அப்போது அவர் பல்கனியில் காலை நீட்டி இருந்து சுவர் போவதைப் பார்க்கலாம். அறை கப்பலின் நடுப்பகுதியில், லிப்டுக்குக் கிட்ட, கீழ்த்தளங்களில் இருக்கட்டும். கப்பலைச் சுற்றி நடக்கும் கீழ்த்தள நடைபாதை இருந்தால் இன்னும் நல்லது.

சூயஸைப் பற்றி உங்கள் கணவர் சொன்னது விளங்குகிறது. கொழும்பில் கப்பல் ஏறி ஏடன், சூயஸ் வழியாக லண்டன் படிக்கப் போனவர்களின் கதை கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். 193 கிலோமீற்றர் நீளமான அந்தக் கால்வாயில் ஒரு லொக் கூட இல்லை. இரண்டு கடலும் ஒரே மட்டம், இரு பக்கமும் மணல். வரலாற்றுக்காகப் பார்க்கவேண்டியது. ஆனால் 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதிலிருந்து பயணிகள் கப்பல் கம்பனிகள் பல அந்தப் பாதையைத் தவிர்த்து ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. முதல் பயணத்தை அதில் மாட்டிவிட வேண்டாம்.

மாதம்? பனாமாவில் டிசம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. மகளிடம் போகும் காலமும் அதுவே என்பதால் பொருந்தும். 2023இல் வறட்சியால் ஏரி இறங்கி, வழக்கமாக ஒரு நாளைக்கு 36 அளவில் இருந்த கப்பல் எண்ணிக்கையை 24 அளவுக்குக் குறைத்தார்கள். பாதையை மாற்றும் உரிமையைக் கம்பனி தன் ஒப்பந்தத்தில் வைத்திருக்கும். கால்வாய் தவறினால் பணம் என்னாகும் என்ற பந்தியை வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். திசையும் உங்களுக்குச் சரி: புளோரிடாவிலிருந்து போகும்போது மூன்று படி ஏற்றம் காலைக் குளிர்ச்சியில் வரும். ஒரு திசைகாட்டியும் கொண்டுபோங்கள். அத்திலாந்திக்கிலிருந்து பசிபிக்குக்கு மேற்கே போவோம் என்றுதான் நினைப்போம். கால்வாயில் கப்பல் தென்கிழக்கே போகும்.

கொழும்பிலிருந்து போவோர் அதிகம் தடுமாறுவது கப்பலில் இல்லை, காகிதத்தில். கனடா விசா போதாது. புளோரிடாவில் ஏறி சான் டியேகோவில் இறங்குவதால் பலமுறை நுழையக்கூடிய அமெரிக்க விசா வேண்டும். நேர்முகத் தேர்வுத் திகதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், முற்பணம் கட்டமுன் அதைப் பாருங்கள். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன தேவை என்பதைக் கம்பனியிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருப்போம் என்றாலும் சில இடங்களில் விசா கேட்பார்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை முகவர்கள் சொல்ல மறப்பார்கள். பனாமாவும் கொலம்பியாவும் அந்த அபாயப் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கிருந்து வருவோரிடம் இலங்கை தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாவது போடவேண்டும், ஒரு தடவை போட்டால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல் தடவை போடுவோருக்குப் பக்கவிளைவு ஆபத்து கூடுதல். இருவரும் உங்கள் வைத்தியரிடம் பேசாமல் போடவேண்டாம். கப்பல் வைத்தியருக்குக் காசு கட்டவேண்டும், ஹெலிகொப்டரில் கொண்டுபோகும் செலவு உட்பட மருத்துவக் காப்புறுதி எடுங்கள். சைவச் சாப்பாடு என்றால், மீனும் முட்டையும் இல்லாத இந்தியச் சைவம் என்று இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக்கட்டணம் பெரும்பாலும் விலைக்கு வெளியே வரும், 15 நாளுக்கு அதையும் கூட்டுங்கள்.

நாளைக்கே முகவரிடம் கேளுங்கள்: அகலம் எவ்வளவு, பழைய லொக்கா புதியதா, பகலிலா, முன்தளம் எல்லோருக்கும் திறக்குமா, முன்னால் இருக்க நாற்காலி உண்டா. கடைசிக் கேள்வி உங்கள் கணவருக்காக. பதில் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், அறை இலக்கம் எடுக்கமுன் கப்பலின் தள வரைபடத்தை நானும் ஒரு தடவை பார்க்கிறேன்.