அரசரின் ஆளுநர் போன பிறகு

கேள்வி: அமெரிக்கப் புரட்சிப் போருக்குப் பின் மாநிலங்களில் புதிய அரசுகளை அமைத்தவர்கள் யார்? அந்த அதிகாரம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

பதில்: போர் முடியட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. போரை முடித்துவைத்த பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது 1783 செப்டம்பரில். நியூ ஹாம்ப்ஷயரோ 1776 ஜனவரியிலேயே தனக்கென ஓர் அரசமைப்பை எழுதிக்கொண்டுவிட்டது. பிரிட்டிஷ் அரசரின் ஆளுநர்கள் வெளியேறிய இடங்களில் வரி தண்டவும், நீதிமன்றம் நடத்தவும், படை திரட்டவும் உடனடியாக ஓர் ஆட்சி தேவைப்பட்டதால், தக்க அரசு இல்லாத குடியேற்றங்கள் (பின்னர் மாநிலங்களானவை) புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ளலாம் என்று 1776 மே மாதம், அவற்றின் பிரதிநிதிகள் கூடிய கான்டினென்டல் காங்கிரஸ் பரிந்துரைத்தது. கனெக்டிகட்டும் ரோட் தீவும் அரசர் முன்பு அளித்த பழைய சாசனத்தை வைத்துக்கொண்டே ஆட்சியைத் தொடர்ந்தன.

அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது அக்காலத்தவரையே உறுத்திய கேள்வி. பெரும்பாலான மாநிலங்களில், போரை நடத்திக்கொண்டிருந்த மன்றங்களே அரசமைப்பையும் எழுதி, மக்களின் வாக்கைக் கேட்காமலே அதை நடைமுறைப்படுத்தின. இது முறையல்ல என்று மாசசூசெட்ஸில் கான்கார்ட் ஊர்க்கூட்டம் 1776 அக்டோபரில் தீர்மானம் போட்டது: சட்டமன்றமே எழுதிய அரசமைப்பைச் சட்டமன்றமே மாற்றிவிடலாம் என்றால், அதே சட்டமன்றத்தின் அத்துமீறலிலிருந்து குடிமக்களுக்கு என்ன பாதுகாப்பு? சட்டமன்றம் செவிசாய்க்காமல் தானே ஒன்றை எழுதி 1778இல் ஊர்களின் ஒப்புதலுக்கு அனுப்பியது. உரிமைப் பட்டியல்கூட இல்லாத அந்த வரைவை ஊர்கள் பெருவாரியாக நிராகரித்தன. அதன் பிறகே, அரசமைப்பை எழுதுவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட மாநாடு 1779இல் கேம்பிரிட்ஜில் கூடியது. பெரும்பாலும் ஜான் ஆடம்ஸ் (பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் அதிபர்) எழுதிய அதன் வரைவு, ஊர்தோறும் பிரிவு பிரிவாக விவாதிக்கப்பட்டு 1780இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தங்களோடு இன்றும் அதுவே செல்லுபடியாகிறது. புரட்சியின் உண்மையான புதுமை போர்க்களத்தைவிட இந்த நடைமுறையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: எல்லா மாநிலங்களும் ஒரே வகையான ஆட்சியையா அமைத்தன?

பதில்: இல்லை. பென்சில்வேனியா ஆளுநர் பதவியையும் மேலவையையும் அறவே விலக்கி, ஒரே அவையையும் 12 பேர் கொண்ட நிர்வாகக் குழுவையும் வைத்தது. அந்த ஏற்பாடு 1790 வரைதான் நீடித்தது. மாசசூசெட்ஸ் ஆளுநருக்கு மசோதாவைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அளித்தது. ஆனால் 1000 பவுண்டு மதிப்புள்ள நிலம் இல்லாதவர் அப்பதவிக்கு வர முடியாது. நியூ ஜெர்சியின் அரசமைப்பு 50 பவுண்டு சொத்துள்ள ‘எல்லாக் குடியிருப்போருக்கும்’ வாக்குரிமை தந்ததால், சொந்தச் சொத்துள்ள மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் வாக்களித்தனர். 1807இல் சட்டமன்றம் அரசமைப்பைத் திருத்தாமலேயே, சாதாரணச் சட்டம் ஒன்றின் மூலம் அந்த உரிமையைப் பறித்தது.