ஓட்டை சின்னதானா படம் ஏன் கலங்குது?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி, மார்த்தாண்டத்துல இருந்து எழுதுறேன். எங்க பையன் ஒன்பதாம் கிளாஸ், செருப்பு டப்பாவுல ஓட்டை போட்டு கேமரா செஞ்சான். ஆணியால போட்ட ஓட்டையில எதிர்வீட்டு தென்னை கலங்கலா தெரிஞ்சுது, ஊசியால போட்டதும் நல்லா தெளிஞ்சுது, அப்போ இன்னும் சின்னதா போட்டா இன்னும் தெளியும்னு அலுமினியம் ஃபாயில்ல ஊசி முனையால லேசா தொட்டு ஒன்னு போட்டான், பாத்தா மறுபடி கலங்கிப் போச்சு. வெளிச்சம் பத்தலன்னு டியூஷன் சார் சொல்றாரு. அது மட்டும்தானா?

பதில்: அது மட்டும் இல்ல தங்கச்சி. வெளிச்சம் கம்மின்னா படம் இருட்டா இருக்கும், ஆனா ஓலையோட கோடு அப்படியே நிக்கணும்ல? கோடே கரைஞ்சிருக்குன்னா அது வேற சங்கதி.

2010 ஜனவரி 15 மத்தியானம் கங்கண சூரிய கிரகணம் நம்ம பக்கம் முழு வளையமா தெரிஞ்சுச்சே, ஞாபகம் இருக்கா? ஓட்டுக்கூரை இடுக்கு எப்படி கோணலா இருந்தாலும் தரையில விழுந்த பொட்டு எல்லாம் குட்டி குட்டி வளையம், நான் அன்னைக்கு வானத்த விட தரையத்தான் அதிகமா பாத்தேன். வெளிச்சம் நேர்கோட்டுல போகுது, ஓட்டை வழியா சூரியனோட படம் விழுது. இந்த கணக்குல ஓட்டை சின்னதாக ஆக தெளிவு கூடிட்டே போகணும், பையன் நெனச்சது தப்பே இல்ல.

ஆனா வெளிச்சம் ஒரு அலை. ஓட்டைய நெருக்க நெருக்க அது அந்தப்பக்கம் விரிஞ்சு பரவும், இதத்தான் டிஃப்ராக்ஷன்னு சொல்றாங்க, பாடபுத்தகத்துல விளிம்பு விளைவு. டப்பா ஆழம் 15 செ.மீ.ன்னு வச்சுக்குவோம். 2 மி.மீ. ஆணி ஓட்டையில தூரத்துல இருக்குற ஒரு புள்ளி 2 மி.மீ. பொட்டா விழும். 0.1 மி.மீ. ஓட்டையில பச்சை வெளிச்சம் விரிஞ்சு அதுவும் கிட்டத்தட்ட 2 மி.மீ. பொட்டாத்தான் விழும்! ஓட்டை இருபது மடங்கு சின்னது, கலங்கல் அதே அளவு.

நடுவுல ஒரு சரியான அளவு இருக்கு. இங்கிலாந்து இயற்பியல் விஞ்ஞானி ராலே பிரபு 1891ல இதுக்குன்னே கட்டுரை எழுதினாரு, அவர் கணக்குப்படி உங்க டப்பாவுக்கு அரை மி.மீ.க்கு கொஞ்சம் மேல. எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, கிட்டத்தட்ட அந்த அளவுல ஓட்டையோட எல்லா பகுதியில இருந்தும் வர்ற அலைகள் நடுவுல ஒன்னுக்கொன்னு கைகொடுக்கும், ஓட்டையே இல்லாம திறந்து விட்டா அந்த இடத்துல எவ்வளவு பிரகாசம் இருக்குமோ அத விட நாலு மடங்கு வரைக்கும் கூடும், கண்ணாடி இல்ல லென்ஸ் இல்ல வெறும் ஓட்டைதான். அதே ஓட்டைய 0.8 மி.மீ.யா பெருசாக்கி ஒரே நிற வெளிச்சம் விட்டா பொட்டோட நட்ட நடு இருண்டு போகும், பெருசாக்கினா இருட்டு!

பையனுக்கு இன்னொன்னு சொல்லுங்க. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு ஃபாயில்ல போட்ட அந்த குட்டி ஓட்டை வழியா சிவப்பு லேசர் பாயிண்டர மூணு மீட்டர் தள்ளி வெள்ளை சுவர்ல அடிக்கச் சொல்லுங்க, லேசர கண்ணுக்கு நேரா மட்டும் பிடிக்கவே கூடாது. 0.1 மி.மீ. ஓட்டைன்னா சுவர்ல நாலரை செ.மீ.க்கு மேல அகலமா ஒரு பொட்டு, சுத்தி மங்கலா வளையங்கள். ஊசிய முழுசா இறக்கி ஓட்டைய பெருசாக்கினா பொட்டு சுருங்கும். ஃபாயில் ஓரம் பிசிறில்லாம இருந்தாத்தான் வளையம் உருண்டையா வரும், ஒரு நாலஞ்சு ஓட்டை போட்டு நல்லதா ஒன்ன எடுத்துக்கச் சொல்லுங்க.