மதராசியும் சேட்டும்

ஸ்டீரியோடைப்னா என்ன, அதை உடைக்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க. இது மொதல்ல பிரிண்டிங் பிரஸ் வார்த்தைங்க, ஒரே அச்சுத் தகட்டை வெச்சு திரும்பத் திரும்ப அடிக்கிறது, 1922-ல வால்டர் லிப்மன்ங்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர் இதை ஒரு கூட்டத்து ஆளுங்க எல்லாரும் இப்படித்தான்னு நம்ம மனசுல இருக்கிற ரெடிமேட் படங்களுக்குப் பேரா வெச்சு எழுதினாரு.

நமக்குத் தெரிஞ்ச உதாரணம் 'மதராசி', தென்னிந்தியாக்காரங்க எல்லாருக்கும் வடக்குல வெச்ச ஒரே பேரு. பழைய மெட்ராஸ் மாகாணத்துல தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், துளு எல்லாம் பேசுறவங்க இருந்தாங்க, மாகாணமும் போச்சு, 1969-ல பேரும் தமிழ்நாடுன்னு மாறிருச்சு, ஆனா டெல்லிக்கு வேலைக்குப் போன என்கிட்ட 'மூணு வேளையும் இட்லி சாம்பார்தானே'ன்னுதான் கேட்டாங்க. கோவப்பட நமக்கும் ரைட் இல்ல, மார்வாடியோ குஜராத்தியோ யாரா இருந்தாலும் 'சேட்டு', சேட்டுன்னா வட்டிக்கடைன்னு முடிச்சிருவோம்.

உடைக்கிறதுக்கு அட்வைஸ் வேலைக்கு ஆகாது. கார்டன் ஆல்போர்ட்ங்கிற உளவியலாளர் 1954-லயே சொன்னது இதான், சும்மா பக்கத்துல இருந்தா பத்தாது, சம அந்தஸ்துல ஒரே வேலைய சேர்ந்து செய்யணும். முதலாளி-வேலையாள்னு பத்து வருஷம் பழகினாலும் படம் அப்படியே இருக்க சான்ஸ் அதிகம். இன்னொரு சிக்கல், 'நீ மட்டும் வேற மாதிரி'ன்னு மனசு ஒருத்தரை விதிவிலக்கா தள்ளி வெச்சிரும், அதனால நாலஞ்சு பேரோடயாவது பழகணும். என் பீகார் ரூம்மேட் ரசம் வைக்கக் கத்துக்கிட்டான், நான்தான் அவங்க ஊரு மாவு உருண்டை லிட்டி சுடுறேன்னு கருக்கிட்டேன்.